மைதானத்தில் போராட்டம்: டெல்டா ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் என்று தெரிகிற ஆண்டுகளில், ஐபிஎல்லும் அதே கோடையில் வந்து தொலைப்பதால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து டீக்கடைகளில் ஒரு விவாதம் தவறாமல் கிளம்பும். தண்ணீர் இல்லாத ஊருக்குக் கிரிக்கெட் ஒரு கேடா? மைதானத்தில் போராடினால் தண்ணீர் வருமா? போராடினால் ரசிகன் போய்விடுவானா? அந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும், அவற்றுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில்களும் இங்கே.

2018 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது? ஆளுக்கொரு கதை சொல்கிறார்களே.

கதை பிப்ரவரியில் தொடங்குகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தது. நடுவர் மன்றம் 2007-இல் தமிழகத்துக்கு ஒதுக்கிய 192 டிஎம்சி, 177.25 டிஎம்சியாகக் குறைக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைப் பங்கிட்டுத் தருவதற்கான செயல்திட்டத்தை ஆறு வாரத்துக்குள் உருவாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குக் கெடு விதிக்கப்பட்டது. மார்ச் 29-இல் கெடு முடிந்தது. திட்டம் வரவில்லை. குறைத்துக் கொடுத்ததையாவது கொடுங்கள் என்று கெஞ்சும் நிலை வந்தபோது ஊர் கொதித்தது. ஏப்ரல் 5-இல் மாநிலம் தழுவிய கடையடைப்பு நடந்தது. அடுத்த சில நாளில் முக்கொம்பிலிருந்து நடைபயணம் கிளம்பியது.

இதே நேரத்தில்தான் இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. ஏப்ரல் 10 அன்று கொல்கத்தாவுடன் ஆட்டம். ஊர் பற்றி எரியும்போது கொண்டாட்டம் வேண்டாம் என்று சில கட்சிகளும் திரைத்துறையினரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் சென்னை வீரர்கள் கறுப்புப் பட்டையாவது அணியட்டும் என்றார் ரஜினிகாந்த். அன்று அண்ணா சாலையில் மறியலும் கைகலப்பும் நடந்தன. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்த ரசிகர்கள் சிலர் அடி வாங்கினார்கள், காவலர்களும் தாக்கப்பட்டார்கள். மைதானத்துக்குள் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பவுண்டரி அருகே நின்ற ஜடேஜாவின் பக்கம் செருப்பு வந்து விழுந்தது.

ஆட்டம் நிற்கவில்லை. கொல்கத்தா 202 எடுத்தது, ரஸ்ஸல் மட்டும் 88. சென்னை ஒரு பந்து மீதம் வைத்து ஜெயித்தது. கடைசியில் சிக்ஸர் அடித்தவர் அதே ஜடேஜா. மறுநாள், பாதுகாப்புக்கு உறுதி இல்லை என்ற நிலையில், சென்னையில் நடக்கவேண்டிய மீதி ஆறு ஆட்டங்களும் புணேவுக்கு மாற்றப்பட்டன.

எங்கள் ஊரில் ரயில் மறியல், கறுப்புக்கொடி, உண்ணாவிரதம் என்று எவ்வளவோ நடந்தது. அதையெல்லாம் யாரும் காட்டவில்லை. ஒரு செருப்பை மட்டும் நாடே பார்த்தது. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது.

தொலைக்காட்சியில் ஓடும் ஆட்டம் என்பது முன்கூட்டியே விற்கப்பட்ட கவனம். முப்பதுக்கும் மேற்பட்ட கேமராக்கள், விளம்பரதாரர்கள், இந்தியா முழுக்க உட்கார்ந்திருக்கும் வீடுகள் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. போராட்டக்காரர் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை. சேர்ந்திருக்கும் கூட்டத்தின் கண்ணைச் சற்றுத் திருப்பினால் போதும். நீடாமங்கலத்தில் ரயிலை மறிப்பவர் செய்தியாளரைத் தேடி அழைக்க வேண்டும். அப்படியே வந்தாலும் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி.

டெல்டாவின் துயரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது படமாகத் தெரியாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட அந்த நாளில் திறக்கவில்லை. குறுவை போடாத வயலை எந்தக் கேமராவில் காட்டுவது? ஒன்றும் நடக்காததுதான் அங்கே செய்தி. நாற்றங்கால் விடாத மூலை, வேலைக்குக் கூப்பிடப்படாத நடவுப் பெண்கள், திருப்பூருக்குப் பஸ் ஏறிய இளைஞர்கள். இவை எல்லாம் இல்லாமைகள். செருப்புக்கு உருவம் இருக்கிறது, பறக்கிறது, விழுகிறது, மெதுவாக ஓட்டிக் காட்டலாம்.

ஆனால் அதில் ஒரு வில்லங்கம். அன்றிரவு லூதியானாவிலும் இந்தூரிலும் அதைப் பார்த்தவர்களுக்கு 177.25 டிஎம்சி பற்றி என்ன தெரிந்திருக்கும்? சென்னையில் ஏதோ தகராறு என்று தெரிந்திருக்கும். இரவல் வாங்கிய கவனத்தில் இதுதான் தொல்லை. கண் திரும்பும், காது தானாகத் திரும்பாது.

போட்டிகளை விரட்டியதால் காவிரிக்கு என்ன கிடைத்தது?

நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். போட்டி மாறியது ஏப்ரல் 11. நீதிமன்ற அவமதிப்பு வழக்கின் அழுத்தத்தில் மத்திய அரசு வரைவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தது மே மாதத்தில். உச்ச நீதிமன்றம் ஏற்றது மே 18. காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது ஜூன் 1. ஆணையத்தைக் கொண்டுவந்தது வழக்கு. தெருவில் எழுந்த கோபம் அந்த வழக்கைச் சூடு குறையாமல் வைத்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தக் கோபத்தில் சேப்பாக்கத்தின் பங்கு எவ்வளவு, தஞ்சாவூர் ரயில் நிலையத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடை போட யாராலும் முடியாது. ‘நாங்கள் ஐபிஎல்லை ஓட்டினோம், ஆணையம் வந்தது’ என்று மேடையில் பேசுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

தண்ணீர் வந்ததா என்று கேட்டால் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 19-இல் மேட்டூர் திறந்தார்கள், சில நாளில் அணை 120 அடியைத் தொட்டது. அதற்கு ஆணையமும் காரணம் அல்ல, செருப்பும் காரணம் அல்ல. கர்நாடகத்தில் கொட்டிய மழை. ஆகஸ்டில் வெள்ளம் தாங்காமல் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே வாரங்களில் கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயிகள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். தூர்வாராத வாய்க்காலுக்கு எதிராகப் போராட எந்த மைதானத்துக்குப் போவது?

சென்னை அணியின் ரசிகர்கள் அதனால் குறைந்தார்களா?

துளியும் இல்லை. புணே ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு தனி ரயிலே போனது. ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். சுமார் ஆயிரம் பேர் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போய்க் கத்திவிட்டு வந்தார்கள். மே 27-இல் சென்னை கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில். டிக்கெட்டுக்கு அதே வரிசை, அதே தள்ளுமுள்ளு.

போராட்டம் ரசிகனைக் கலைத்துவிடும் என்று அணி முதலாளிகள் பயப்படுகிறார்கள். போராட்டம் ரசிகனை மாற்றிவிடும் என்று போராடுபவர்கள் நம்புகிறார்கள். இருவருக்கும் ரசிகனைத் தெரியாது. அவன் கோபித்துக்கொள்வான், ஒரு வாரம் பேசுவான், பிறகு ஸ்கோர் கேட்பான்.

செருப்பு வீசியது சரியா?

தவறு. பந்து பொறுக்க நிற்பவர் அணையின் சாவியை வைத்திருக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரரை அடித்தது அதைவிடத் தவறு. அவர்களில் எத்தனை பேருக்கு ஒரத்தநாட்டிலோ குத்தாலத்திலோ நிலம் இருந்ததோ.

சென்னை வீரர்கள் கறுப்புப் பட்டை அணிந்திருக்கலாமே? ஏன் அணியவில்லை?

அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வேலை என்ற வகையில் பார்த்தால், உடையில் எதை ஒட்டிக்கொள்ளலாம் என்பது வீரரின் உரிமை அல்ல. சர்வதேச ஆட்டங்களில் ஐசிசி விதி இதில் கறாரானது. அரசியல், மதம், இனம் சார்ந்த செய்திகளுக்கு இடமில்லை. கறுப்புப் பட்டைக்கும் முன் அனுமதி வேண்டும். இறந்தவருக்கு அஞ்சலி என்றால் அனுமதி எளிதில் கிடைக்கும். இறந்தது ஒரு பயிர் என்றால் கிடைக்காது.

விதியை மீறியவர்களில் என் மதிப்பில் உயரத்தில் நிற்பவர்கள் ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும். 2003 உலகக் கோப்பையில், பிப்ரவரி 10 அன்று, ஹராரேயில், முகாபே ஆட்சியின் மூக்குக்குக் கீழே, தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டதற்குத் துக்கம் காக்கிறோம் என்று அறிக்கை விட்டுவிட்டுக் கறுப்புப் பட்டையுடன் களமிறங்கினார்கள். யாரையும் அடிக்கவில்லை, ஆட்டத்தை நிறுத்தவில்லை. கையில் ஒரு துண்டு நாடா. ஒலோங்கா நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. இருவரின் ஜிம்பாப்வே கிரிக்கெட் வாழ்க்கையும் அந்தத் தொடரோடு முடிந்தது.

அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர்கள் முதலில் காரணத்தை எழுத்தில் கொடுத்தார்கள், பிறகு பட்டையைக் கட்டினார்கள். பார்த்தவருக்கு இது என்ன, எதற்கு என்ற குழப்பமே வரவில்லை. சேப்பாக்கத்துச் செருப்பையும் ஹராரே நாடாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழப்பு தன்மேல் விழும் என்று தெரிந்து ஆட்டக்காரரே செய்யும்போது பார்வையாளர் கேட்கிறார். வெளியிலிருந்து ஆட்டக்காரர்மேல் விழும்போது பார்வையாளர் ஆட்டக்காரருக்குத் துணை நிற்கிறார். இவ்வளவுதான் வித்தியாசம், இது மிகப் பெரிய வித்தியாசம்.

விதியின் பாரபட்சத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் இங்கிலாந்தின் மொயின் அலி காசாவுக்காக மணிக்கட்டுப் பட்டை அணிந்தார், கழற்றச் சொன்னார்கள். 2023 டிசம்பரில் பெர்த்தில் உஸ்மான் கவாஜா எல்லா உயிரும் சமம் என்ற பொருளில் காலணியில் எழுதிக்கொண்டு வந்தார், அனுமதி இல்லை. கறுப்புப் பட்டை கட்டினார், கண்டிக்கப்பட்டார். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த ராணுவச் சின்னத்தையும் ஐசிசி நீக்கச் சொன்னது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு, புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, ராஞ்சியில் இந்திய அணி முழுவதும் ராணுவத் தொப்பி அணிந்து ஆடியதற்கு அனுமதி கிடைத்தது. எது அரசியல், எது அஞ்சலி என்பதைச் சட்டப்புத்தகத்தைவிடச் சந்தை அதிகம் தீர்மானிக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

நம் கிரிக்கெட் வீரர்கள் விவசாயிகளுக்காக வாயே திறப்பதில்லையே?

ஒரு முறை திறந்தார்கள். 2021 பிப்ரவரியில், டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது, வெளிநாட்டுப் பாடகி ரிஹானா ஒரு வரி ட்விட்டரில் எழுதிவிட்டார். மறுநாள் சச்சின் முதல் கோலி வரை பலரும், நாம் ஒற்றுமையாக இருப்போம், வெளியார் தலையிட வேண்டாம் என்கிற தொனியில் எழுதினார்கள். எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டதுபோல் இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம் என்று டெல்டாவில் பலர் நினைத்தார்கள். நானும்தான்.

அமெரிக்காவில் ஒரு வீரர் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதால் டிவி பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இந்தக் கேள்விக்குத்தான் நம்மிடம் எண்கள் ஓரளவு இருக்கின்றன என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

காலின் கேப்பர்னிக். சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர். 2016 ஆகஸ்டில் கறுப்பின மக்கள்மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து, ஆட்டத்துக்கு முன் கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஒரு முன்னாள் ராணுவ வீரரின் யோசனைப்படி, உட்காருவதற்குப் பதில் ஒரு காலை மண்டியிட்டார். அது மரியாதையாகவும் இருக்கும், எதிர்ப்பாகவும் இருக்கும் என்று. அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களின் தொலைக்காட்சிப் பார்வையாளர் சராசரி சுமார் 8 விழுக்காடு சரிந்தது. 2017-இல் அதிபர் டிரம்ப், மண்டியிடுபவர்களை அணிகள் வேலையைவிட்டுத் தூக்க வேண்டும் என்று மேடையில் பேசினார். அந்த வாரம் நூற்றுக்கணக்கானவர்கள் மண்டியிட்டார்கள். அந்தப் பருவத்தில் மேலும் சுமார் 10 விழுக்காடு சரிவு.

இதோ நிரூபணம் என்று ஒரு தரப்பு துள்ளியது. ஆனால் 2016 அதிபர் தேர்தல் ஆண்டு. இரவு முழுக்க விவாத மேடைகள் ஆட்டத்தோடு மோதின. கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு இணையத்துக்குப் போனவர்களால் எல்லா நிகழ்ச்சிகளுக்குமே பார்வையாளர் குறைந்துகொண்டிருந்தார்கள். ஜே.டி. பவர் நிறுவனம் சுமார் 9,200 பேரிடம் கேட்ட கருத்துக்கணிப்பில், முந்தைய பருவத்தைவிடக் குறைவாகப் பார்த்தேன் என்றவர்கள் 12 விழுக்காடு. அவர்களில் 26 விழுக்காட்டினர் கீதப் போராட்டத்தைக் காரணமாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று பேர். அதே கணிப்பில் கூடுதலாகப் பார்த்தேன் என்றவர்கள் 27 விழுக்காடு. 2018-இல் பார்வையாளர் எண்ணிக்கை 5 விழுக்காடு ஏறியது.

ஆக, போராட்டத்தால் எழுந்து போன ரசிகர் உண்டு, அவர் சத்தமானவர், ஆனால் அவர் சிறுபான்மை, பெரும்பாலும் திரும்பி வந்துவிடுபவர். திரும்பி வராமல் போனவர் கேப்பர்னிக்தான். 2016 பருவத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அணிகள் கூட்டுச் சேர்ந்து ஒதுக்கியதாக அவர் தொடுத்த புகார் 2019-இல் சமரசத்தில் முடிந்தது. 2020-இல், ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு, வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று லீக் தலைவர் ஒப்புக்கொண்டார். அப்போதும் கேப்பர்னிக்குக்கு வேலை தரவில்லை.

நமக்கும் இதில் ஒரு செய்தி. வீரர்களை வாயடைக்க, ‘ரசிகர்கள் போய்விடுவார்கள்’ என்று சொல்லப்படும்போது அது ரசிகரைப் பற்றிய கவலை அல்ல. விளம்பரதாரரின் முகம் சுளிக்குமோ என்ற கவலை.

விளையாட்டில் அரசியலே கூடாது என்று என் மாமா சொல்கிறார். என்ன பதில் சொல்ல?

1974-ஐச் சொல்லுங்கள். டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா இறுதிக்கு வந்தது. அணியின் முதுகெலும்பு நம் மெட்ராஸ் சகோதரர்கள் விஜய், ஆனந்த் அமிர்தராஜ். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. அந்த முடிவைத் தவறு என்று மாமா சொல்வாரா என்று கேளுங்கள். சொன்னால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

சென்னை ரசிகர்கள் பண்பானவர்கள் என்கிறார்கள். பிறகு எப்படி இலங்கை வீரர்களை வரவிடாமல் செய்தோம்?

இரண்டும் உண்மை. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுடன் டெஸ்ட். அதற்குச் சில வாரம் முன்புதான் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தை சிவசேனா ஆட்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு வந்தது. சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. கூட்டம் சில நொடி உறைந்தது, பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள்.

2013-இல் நிலைமை வேறு. ஈழப் போரின் இறுதி நாட்களின் படங்கள் வெளிவந்து, மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். இலங்கை வீரர்கள் இருந்தால் சென்னையில் ஐபிஎல் நடத்த அனுமதி இல்லை என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார். ஐபிஎல் நிர்வாகம் இலங்கை வீரர்களைச் சென்னை ஆட்டங்களில் இறக்குவதில்லை என்று முடிவு செய்தது. சென்னை அணியின் சொந்த வீரரான குலசேகரா, சொந்த மைதானத்தில் ஆட முடியாத விநோதம் நடந்தது. பெங்களூர் அணியில் இருந்த முத்தையா முரளிதரனுக்கும் அதே கதி. தமிழர்களுக்காகப் போட்ட தடையில் ஒரு தமிழர். சென்னையில் நடக்கவேண்டிய பிளே-ஆஃப் ஆட்டங்கள் டெல்லிக்குப் போயின. அதே ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியும் சென்னையைவிட்டுப் புணேவுக்குப் போனது. புணேக்காரர்கள் நம்மால் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இந்தத் தடைக்கு ஆதரவு வலுவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. படகோடு பிடிபட்டுச் சிறையில் இருப்பவர் வீட்டில் போய் விளையாட்டின் மேன்மையைப் பேச முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1999-இல் கைதட்டியது பார்வையாளர்கள். 2013-இல் முடிவெடுத்தது அரசு. பார்வையாளரை யாரும் கேட்கவில்லை. முரளிதரன் பந்து வீசியிருந்தால் சேப்பாக்கம் என்ன செய்திருக்கும் என்பதை நாம் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டோம்.

தண்ணீருக்காக வேறு எங்காவது ஆட்டம் நின்றிருக்கிறதா?

மகாராஷ்டிரத்தில், அதுவும் நீதிமன்றம் மூலம். 2016-இல் மராத்வாடா வறட்சியில் குடிநீர் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, ஆடுகளப் புல்லுக்கு இவ்வளவு தண்ணீரா என்று மும்பை உயர் நீதிமன்றம் கேட்டது. மே 1-க்குப் பிந்தைய ஆட்டங்கள் அம்மாநிலத்தைவிட்டு வெளியே போயின.

2018-இல் சென்னை ஆட்டங்கள் புணேவுக்குப் போனதும் அதே வம்பு அங்கேயும் முளைத்தது. மைதானப் பராமரிப்புக்குப் பவனா ஆற்று நீரை எடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. காவிரிக்காக ஓடிய ஆட்டத்தைப் பவனா பிடித்துக்கொண்டது. இரண்டு வழக்குகளிலும் யாருக்கும் அடி விழவில்லை என்பதையும், கேள்வி நேரடியாகத் தண்ணீரைப் பற்றியே இருந்தது என்பதையும் நம் போராட்ட அமைப்புகள் குறித்துக்கொள்ளலாம்.

மல்யுத்த வீராங்கனைகள் டெல்லியில் போராடியபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

2023-இல் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் பூனியா ஆகியோர், மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு வைத்து ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். அவர் மறுத்தார். மே 28 அன்று நம் ஊர் வீடுகளில் டிவியில் ஓடியது திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் புதிய நாடாளுமன்றத்தில் நிறுவப்பட்ட காட்சி. மயிலாடுதுறை மாவட்டத்துக்குப் பெருமையான நாள். அதே நாள், அதே டெல்லியில், நாடாளுமன்றம் நோக்கிப் போகக் கிளம்பிய வீராங்கனைகளைப் போலீஸார் சாலையில் தரதரவென்று இழுத்துப்போனார்கள். ரிமோட் கையில் இருந்தவர்கள் இரண்டு காட்சிக்கும் இடையில் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குத் துணை வந்தது டிக்கெட் வாங்கும் ரசிகர் கூட்டம் அல்ல. மல்யுத்தத்துக்கு அப்படிப் பெரிய கூட்டமும் இல்லை. வந்தவர்கள் ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள். பதக்கங்களைக் கங்கையில் விடப் போனவர்களைத் தடுத்து அழைத்துவந்ததும் ஒரு விவசாயத் தலைவர்தான். 1983 உலகக் கோப்பை அணியினர் ஆதரவு அறிக்கை விட்டார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த கிரிக்கெட் நட்சத்திரங்கள் பெரும்பாலும் மௌனம். டிசம்பரில் சாக்‌ஷி மாலிக் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்தே விலகினார்.

நான் குறுவை போடும் விவசாயி. தண்ணீர் வராத ஆண்டில் ஐபிஎல் பார்ப்பது துரோகமா?

இல்லை ஐயா. பாருங்கள்.

வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் கோடையில் மணலைத் தட்டிப் பிட்ச் போட்டு, மூங்கில் குச்சி நட்டு, டென்னிஸ் பந்தில் டோர்னமென்ட் நடத்தும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வந்தால் அவர்களுக்கு மைதானம் போய்விடும். போகட்டும் என்றுதான் அவர்களும் காத்திருக்கிறார்கள்; முதல் தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு வரும்போது ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு முன்னால் கத்திக்கொண்டே ஓடுகிறவர்களும் அவர்கள்தான். ஆட்டமும் ஆறும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்.

எங்கள் ஊர் கபடிப் போட்டியில் வீரர்கள் கறுப்புப் பட்டை அணிந்து இறங்கலாமா?

வடுவூர் மாதிரிக் கபடிக்குப் பேர்போன ஊர்கள் உள்ள பகுதி என்பதால் இந்தக் கேள்வி நியாயமாகவே வருகிறது. ஊர்ப் போட்டிக்கு ஐசிசி விதி எதுவும் கிடையாது. விழாக் குழுவின் சம்மதம் முக்கியம். போலீஸ் அனுமதிக் கடிதத்தில் என்னென்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று முன்பே படித்துவிடுங்கள். எதிரணிக்கும் சொல்லிவிடுங்கள், அவர்களும் நம் வாய்க்கால்காரர்கள்தான், அநேகமாகக் கட்டிக்கொள்வார்கள். பரிசு கொடுக்க வரும் பிரமுகரிடம் காலையிலேயே சொல்வது நல்லது. வரமாட்டேன் என்றால் வேறு ஆள் பார்க்க நேரம் வேண்டுமே.

ஆடும்போது கட்டிக்கொள்ள வேண்டாம். கபடியில் நகம் வெட்டியிருக்க வேண்டும், நகை கூடாது என்பதெல்லாம் எதற்கோ, அதே காரணம்தான். கையில் துணி இருந்தால் பிடிப்பவருக்கு அது ஒரு கைப்பிடி. இழுத்தால் தோளுக்கு வினை. இரு அணியும் வரிசையில் நின்று கைகொடுக்கும்போது கட்டியிருந்துவிட்டு, கோட்டுக்குள் போகுமுன் கழற்றி மேசையில் வையுங்கள். ஏன் கட்டியிருக்கிறோம் என்பதை இரண்டே வரியில் தாளில் எழுதி மைக் பிடிப்பவரிடம் கொடுத்துவிடுவது மிக முக்கியம். கொடுக்காவிட்டால் யாரோ இறந்துவிட்டதாக நினைத்து அவரே ஒரு நிமிடம் மௌன அஞ்சலி அறிவித்துவிடுவார்.